விசர் நாய் வைரஸ் மாறிட்டுதாம், ஊசி பிடிக்காதாம்: இந்தக் கதைக்கு ஒரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கொஞ்ச நாளா எங்கட வெள்ளவத்தைப் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு வொய்ஸ் மெசேஜ் சுத்திக்கொண்டு திரியுது. இப்ப ரோட்டில இருக்கிற விசர் நாய் வைரஸ், அதாவது ரேபீஸ், பழைய வைரஸ் இல்லையாம், கொரோனா மாதிரி அதுவும் உருமாறிட்டுதாம், ஆஸ்பத்திரியில போடுற ஊசி வெளிநாட்டில எந்தக் காலத்திலயோ எடுத்த வைரஸ்ல செஞ்சதாம், அதால இங்கத்தே நாய் கடிச்சா அது பிடிக்காதாம், லைன்ல நிண்டு மினக்கெடாம நாட்டு மருந்தைப் பாருங்கோ எண்டு ஒருத்தர் நல்ல தெளிவான குரல்ல, எல்லாம் தெரிஞ்சவர் மாதிரிப் பேசுறார். இதைக் கேட்டுட்டு ஒரு அம்மா தன்ட மகனுக்கு ரெண்டாவது ஊசியோட நிப்பாட்டிட்டா எண்டு எங்கட லேன்ல கேள்விப்பட்ட அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரையே வரல்ல.

அந்த மெசேஜ் முழுக்கப் பொய்யா இருந்தா நான் பேசாம விட்டிருப்பன். அதில பாதி உண்மை இருக்கு. ஊசிக்குப் பாவிக்கிற வைரஸ் பழசுதான். விசர் வைரஸ் ஆர்.என்.ஏ. வைரஸ்தான், அதாவது தன்ட ஜீன் குறிப்பை ஆர்.என்.ஏ. எண்ட இழையில எழுதி வைச்சிருக்கிறது, அதில எழுத்து மாறுறதும் உண்மைதான். இலங்கையில இருக்கிறது ஒரு தனி ரகம் எண்டதும் உண்மைதான். இந்த மூண்டையும் சேத்துக் கட்டி, அப்ப ஊசி பிடிக்காது எண்டு முடிக்கிற இடத்திலதான் ஆளைக் கொல்லுற பிழை இருக்கு. நான் ஆய்வுகூடத்தில வேலை செஞ்சு ரிட்டயர் ஆன ஒரு எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், டொக்டர் இல்ல, ஆனா விசர் சந்தேகத்தில செத்த மிருகங்கட மூளையை ஸ்லைட்ல ஒத்தி மைக்ரோஸ்கோப்பில பாக்கிறதுதான் பல வருஷமா நான் செஞ்ச வேலை, அதால இதைப் பத்திப் பேசாம இருக்கிறது சரியில்ல எண்டு பட்டுது.

இந்தத் துறையில வைரஸை ரெண்டு பகுதியாப் பிரிச்சுத்தான் பேசுவாங்க. ரோட்டில, காட்டில மிருகத்துக்கு மிருகம் கடியால பரவிக்கொண்டு திரியிறது ஒண்டு, அதை ஸ்ட்ரீட் வைரஸ், தெரு வைரஸ் எண்டு சொல்லுவாங்க. ஆய்வுகூடத்துக்குள்ள விலங்கு மூளையிலயும் செல் கல்ச்சர்லயும், அதாவது பாத்திரத்தில வளக்கிற செல்லுகள்லயும், திரும்பத் திரும்ப வளத்துப் பழக்கினது மற்றது, அது ஃபிக்ஸ்ட் வைரஸ். லூயி பாஸ்டர் 1880-கள்ல பரிசில செஞ்சது இதைத்தான், தெரு வைரஸை முயல்ட மூளைக்குள்ள ஏத்தி, அந்த முயல் செத்ததும் அதின்ட நரம்புத் திசுவை அடுத்த முயலுக்கு ஏத்தி, இப்படியே போகப்போக முதல்ல ரெண்டு கிழமை அளவில வந்த நோய் கடைசியில 6, 7 நாள்ல தவறாம வரத் தொடங்கிச்சு. அந்த வைரஸ் ஏறின முயல்ட முள்ளந்தண்டு நரம்பைக் காய வைச்சு அதிண்ட வீரியத்தைக் குறைச்சுத்தான் 1885 ஜூலை 6ஆம் தேதி ஜோசப் மைஸ்டர் எண்ட 9 வயசுப் பொடியனுக்குப் போட்டார், பொடியன் தப்பினான்.

தெரு வைரஸுக்கு இப்படி ஒரு கணக்கு இல்ல. கடிச்சு ரெண்டு மூண்டு மாசத்தில வருறதுதான் கூட, ஆனா ஒரு கிழமையில வந்ததும் இருக்கு, ஒரு வருஷம் தாண்டி வந்ததும் இருக்கு. கடிச்ச இடம், காயத்திண்ட ஆழம், உள்ள போன வைரஸிண்ட அளவு எல்லாம் இதில சேரும், முகத்திலயும் கழுத்திலயும் கடிச்சா மூளைக்குத் தூரம் குறைவு. கடிச்ச இடத்துத் தசையில அது கொஞ்சக் காலம் பதுங்கிக் கிடக்கும், பிறகு தசையும் நரம்பும் சந்திக்கிற இடத்தால நரம்புக்குள்ள ஏறி, நரம்பு தன்ட சாமான்களைக் கொண்டுபோறதுக்கு வைச்சிருக்கிற அதே பாதையில ஒரு நாளைக்கு 5 தொடக்கம் 10 சென்ரிமீட்டர் அளவு மேல போகும். அது தசையில பதுங்கிக் கிடக்கிற அந்த நாளுகள்தான் எங்களுக்குக் கிடைக்கிற டைம். ஊசி வேலை செய்யுறதே அந்த டைமுக்குள்ளதான், அதை ஒரு வொய்ஸ் மெசேஜை நம்பி வீணாக்கக் கூடாது எண்டுதான் நான் இவ்வளவு கத்துறன்.

இனி ஜீன் கதைக்கு வாறன். துவக்குக் குண்டு வடிவத்தில இருக்கிற இந்த வைரஸிண்ட முழு ஆர்.என்.ஏ.யும் கிட்டத்தட்ட 12,000 எழுத்துதான், கொரோனா வைரஸிண்டது 30,000 எழுத்தளவு வரும். இந்த 12,000க்குள்ள இருக்கிறது அஞ்சே அஞ்சு ஜீன், என், பி, எம், ஜி, எல் (N, P, M, G, L) எண்டு பேர். என் எண்டது ஆர்.என்.ஏ.யைச் சுத்தி மூடி வைச்சிருக்கிற புரதம், பி எண்டது எங்கட உடம்பு அடிக்கிற முதல் சைரனை, அதாவது இன்டர்ஃபெரோன் சிக்னலை அமத்துறது, எம் உள்கட்டுக்கு, ஜி வெளிய முள்ளு முள்ளா நிக்கிற புரதம், எல் எண்டதுதான் கொப்பி எடுக்கிற இயந்திரம். ஒரு மனுசனை, யானையை, மாட்டை எதையெண்டாலும் கொல்லுறதுக்கு இந்த அஞ்சும் காணும்.

அந்த எல் புரதத்துக்கு எழுதினதைத் திருப்பி வாசிச்சுப் பிழை திருத்துற வேலை தெரியாது, உங்கட பத்திரிகையில புரூஃப் பாக்கிறவர் இல்லாம நேர அச்சுக்குப் போற பக்கம் மாதிரித்தான். அதால ஒவ்வொரு கொப்பியிலயும் எழுத்து அங்கங்க மாறும், ஒரே நாயிண்ட மூளையிலயே ஒண்டுக்கொண்டு சின்னச் சின்ன வித்தியாசம் உள்ள வைரஸ் கூட்டமாத்தான் இருக்கும். அப்ப ஏன் இது கொரோனா மாதிரி மாசத்துக்கொரு புதுப் பேரோட வரல்ல எண்டு கேக்கிறது நியாயமான கேள்வி. கொரோனா ஒரு இருமல்ல அடுத்த ஆளுக்குப் போயிரும். விசர் வைரஸ் தசையில தாக்குப்பிடிக்க வேணும், நரம்பில ஏற வேணும், மூளையில பெருக வேணும், பிறகு அங்க இருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்க வேணும், நாய் சாகிறதுக்குள்ள இன்னொரு மிருகத்தைக் கடிக்கவும் வேணும், இந்த நீளமான பாதையில எங்கயாவது ஒரு இடத்தில தடக்கின மாற்றம் எல்லாம் அங்கயே செத்துப்போயிரும். மிஞ்சி வாறது பெரும்பாலும் புரதத்தை மாத்தாத எழுத்துப் பிழைகள் மட்டும்தான். எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா 12,000 எழுத்தில வருஷத்துக்கு ஒரு சில எழுத்துத்தான் நிலைச்சு மாறுது.

இன்னொரு விஷயமும் இருக்கு, இதை யாரும் பெரிசாச் சொல்லுறதில்ல. கொரோனா, இன்ஃப்ளுவென்சா எல்லாம் வந்து சுகமாகி எதிர்ப்புச் சக்தியோட திரியிற கோடிக்கணக்கான ஆக்களுக்குள்ள திரும்ப நுழைய வேண்டிக் கிடக்கு, அதால எதிர்ப்பை ஏமாத்துற மாற்றம் அதுக்கு லாபம். விசர் வைரஸ் தான் பிடிச்ச நாயைக் கிட்டத்தட்ட முழுக்கக் கொண்டுபோட்டு, ஊசி போடாத அடுத்த நாய்க்குத்தான் போகுது. ஊசி போட்ட நாய்க்குள்ள போனா அதோட அந்தச் சங்கிலி முடியுது. ஊசியை ஏமாத்திப் பழகுறதுக்கு அதுக்குச் சந்தர்ப்பமே கிடைக்கிறதில்ல. பழைய வைரஸ்ல செஞ்ச ஊசி இண்டைக்கும் வேலை செய்யுறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ஊசிக்குள்ள இருக்கிறது கொல்லப்பட்ட வைரஸ், பிட்மன் மூர், ஃப்ளூரி எண்டு பேர் உள்ள பழைய ஆய்வுகூட ரகங்கள். எங்கட உடம்பு அதைப் பாத்துச் செய்யுற எதிர்ப்பொருள் பிரதானமாப் பிடிக்கிறது அந்த ஜி எண்ட முள்ளுப் புரதத்தை. உலகத்தில நாய்க்குள்ள சுத்துற விசர் வைரஸ் எந்த நாட்டில எடுத்தாலும் அந்த ஜி புரதத்தில எதிர்ப்பொருள் பிடிக்கிற இடங்கள் பெரிசா மாறல்ல. அதாலதான் அதே ஊசி ஆபிரிக்காவில, இந்தியாவில, பாலித்தீவில, கொழும்பில எல்லா இடத்திலயும் ஆக்களைக் காப்பாத்துது. ஊசி பிடிக்காத உறவுக்கார வைரஸ்களும் இருக்கு, ஆபிரிக்காவில கண்டுபிடிச்ச மொக்கோலா வைரஸும் லாகோஸ் வௌவால் வைரஸும் அப்படித்தான். ஆனா அதுகள் வேற இனம், எங்கட ரோட்டில நாய்க்கு நாய் பரவுறது அது இல்ல.

இப்ப தெரு வைரஸிண்ட குணம் ஆய்வுகூட வைரஸில இருந்து எப்படி வித்தியாசம் எண்டு பாப்பம், எனக்கு இந்த விஷயத்திலயே ஆகப் பிடிச்ச பகுதி இதுதான். ஜி புரதத்தில 333ஆவது இடத்தில ஆர்ஜினின் எண்ட அமினோ அமிலம் இருக்க வேணும். அந்த ஒண்டை மாத்திவிட்டா, மூளைக்குள்ள நேர ஊசியால ஏத்தினாலும் வளந்த எலி சாகாம தப்பும் எண்டு ஆய்வுகள்ல கண்டிருக்கிறாங்க. ஐரோப்பாவில காட்டு நரிகளுக்கு இரைக்குள்ள வைச்சுப் போட்ட தடுப்பு மருந்துகள்ல ஒரு வகையை இந்த 333ஐ மாத்தித்தான் செஞ்சாங்க. அதே ஜி புரதத்தில சீனிச் சங்கிலி ஒட்டுறதுக்கு எண்டு சில இடங்கள் இருக்கு, தெரு வைரஸில அது பெரும்பாலும் 37, 319 எண்ட ரெண்டு இடம், ஆய்வுகூடத்தில பழகின வைரஸ்கள்ல 204 இல்லாட்டி 247 எண்டு கூடுதலா ஒரு இடம் வந்து சேரும். தெரு வைரஸைச் செல் கல்ச்சர்ல திரும்பத் திரும்ப வளக்கேக்க இப்படி மேலதிகமா ஒரு சீனி ஒட்டுற இடம் முளைச்சு, அதோட அதிண்ட கொல்லுற சக்தியும் குறைஞ்சதைப் பாத்திருக்கிறாங்க. செல்லுக்குள்ள வேகமாப் பெருக உதவுற மாற்றம் மிருகத்திண்ட உடம்புக்குள்ள அதுக்கே வினையாப் போகுது.

ஏனெண்டா தெரு வைரஸிண்ட கெட்டித்தனமே சத்தம் போடாம இருக்கிறதுதான். ஆய்வுகூட வைரஸ் நரம்புச் செல்லுக்குள்ள ஜி புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் செஞ்சு குவிக்கும், செல் தன்னையே கொண்டுபோடும், அழற்சி வரும், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில இருக்கிற தடுப்புத் திறபடும், எதிர்ப்புச் சக்தி உள்ள ஓடிவரும். தெரு வைரஸ் ஜி புரதத்தை அளவாத்தான் செய்யும், நரம்புச் செல்லைச் சாக விடாது, தடுப்பையும் திறக்க விடாது, பி புரதத்தால சைரனையும் அமத்தி வைக்கும். அதாலதான் கடிபட்ட ஆளுக்கு மாசக்கணக்கா ஒரு காய்ச்சலும் இல்லாம இருந்துட்டு, காயம் ஆறின இடத்தில அரிப்பும் விறைப்பும் தொடங்கி, தண்ணியைக் கண்டா தொண்டை இறுகி, ஒரு கிழமை ரெண்டு கிழமைக்குள்ள எல்லாம் முடிஞ்சிருது. செத்த ஆளிண்ட மூளையை வெறுங் கண்ணால பாத்தா பெரிய சேதம் ஒண்டும் தெரியாது எண்டதை நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு பதறும். அறிகுறி வந்தாப் பிறகு ஊசி போட்டு ஒரு பிரயோசனமும் இல்ல எண்டு டொக்டர்மார் சொல்லுறதும் இதாலதான்.

ஆய்வுகூடத்தில இது எப்படித் தெரியும் எண்டு சொல்லுறன், ஆக்களுக்கு இதைக் காட்டிவிட வேணும் எண்டு எனக்கு நெடுநாள் ஆசை. நாய்த் தலை ரெஜிஃபோம் பெட்டியில ஐஸ் போட்டு வரும், சில நேரம் ஆட்டோவில சொப்பிங் பேக்குக்குள்ள, ஐஸ் எல்லாம் உருகித் தண்ணியாத்தான் வரும். மண்டையைத் திறந்து மூளைத்தண்டிலயும் சிறுமூளையிலயும் சின்னத் துண்டு எடுத்து, ஸ்லைட்ல மெதுவா ஒத்தி, குளிர வைச்ச அசிட்டோனுக்குள்ள போட்டு வைப்பம். பிறகு ஒளிரும் சாயம் பூட்டின எதிர்ப்பொருளை ரெண்டு துளி விட்டு, 37 பாகையில அரை மணித்தியாலம் வைச்சு, கழுவி, இருட்டு ரூமில மைக்ரோஸ்கோப்பில கண்ணை வைச்சா, விசர் இல்லாட்டி கறுப்பும் மங்கலுமா ஒண்டும் இருக்காது, விசர் இருந்தா பச்சை அப்பிள் நிறத்தில பொட்டுப் பொட்டா, சில இடத்தில பெரிய உருண்டையா மினுங்கும். அந்த உருண்டைகளைத்தான் 1903ல நெக்ரி எண்ட இத்தாலி டொக்டர் சாதாரணச் சாயத்தில கண்டார், அவர்ட பேரில இண்டைக்கும் நெக்ரி பொடீஸ் எண்டு சொல்லுறம். அந்தப் பச்சையைக் கண்ட உடன அந்த நாய் கடிச்ச பிள்ளை யார், ஊசி தொடங்கியாச்சா எண்டுதான் கை போன் எடுக்கும். தயவுசெஞ்சு தலையை ஃபோமலினுக்குள்ள போட்டுக் கொண்டுவர வேண்டாம், வெயில்ல வைச்சு அழுக விடவும் வேண்டாம், அழுகின மூளையில இந்தச் சோதனை நம்பிக்கையாச் சொல்லாது.

ஆனா இந்தச் சோதனை சொல்லுறது விசர் இருக்கு, இல்ல எண்ட ஒரே ஒரு பதிலைத்தான். அந்த வைரஸ் எங்க இருந்து வந்தது எண்டு கேட்டா ஜீனை வாசிக்க வேணும், பெரும்பாலும் அந்த 'என்' (N) ஜீனைத்தான் வாசிப்பாங்க, ஏனெண்டா அது அவ்வளவு மாறாத ஜீன், உலகம் முழுக்க ஒப்பிடுறதுக்குச் சரக்கு இருக்கு. அப்படி வாசிச்சுத்தான் 2001லயும் 2003லயும் வந்த ஆய்வுகள்ல இலங்கை வைரஸ்கள் ஒரு தனிக் கூட்டம் எண்டு காட்டினாங்க. உலகத்து நாய் வைரஸ்களைச் சில பெரிய பரம்பரையாப் பிரிச்சிருக்கிறாங்க, அதில இந்திய உபகண்டப் பரம்பரை எண்டு ஒண்டு, அது இருக்கிறது இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும்தான். இந்தியாவிண்ட மற்றப் பகுதிகள்ல கூட இருக்கிறது வடதுருவப் பக்கத்து ஆர்க்டிக் வைரஸோட சொந்தமான வேற பரம்பரை. நாய்ப் பரம்பரைகளுக்குள்ள ஆகப் பழைய கிளைகள்ல ஒண்டு எங்கடது எண்டுதான் ஜீன் மரம் காட்டுது. அப்ப அந்த மெசேஜ்காரர் புதுசா வந்த வைரஸ் எண்டு சொல்லுறது முழுத் தலைகீழ், எங்கட ரோட்டில திரியிறது பழம் பழைய வைரஸ், அதுக்கு எதிரா இதே மாதிரி ஊசிகளைத்தான் இவ்வளவு காலமும் போட்டு வந்திருக்கு. 1970-கள்ல இந்த நாட்டில வருஷத்துக்கு 300க்கு மேல ஆக்கள் விசரால செத்தாங்க, இப்ப அது 20, 30 எண்ட அளவுக்கு இறங்கியிருக்கு. ஊசி பிடிக்காட்டி அந்தக் கணக்கு எப்படி இறங்கும்?

நாய் மட்டும் எண்டு நினைக்கிறதும் பிழை. 2011ல வந்த ஒரு ஆய்வில, இலங்கையில மட்டுமே இருக்கிற பொன் மரநாயில எடுத்த விசர் வைரஸை வாசிச்சுப் பாத்தா அது எங்கட நாய் வைரஸோட ஒட்டாம வேற கிளையாத் தெரிஞ்சுது, அதாவது நாயை விட்டுத் தனியாக் காட்டுக்குள்ள ஒரு சுத்து ஓடுதோ எண்ட கேள்வி வந்துது. 2016ல கண்டிப் பக்கம் பழந்தின்னி வௌவால்கள்ல புதுசா ஒரு லிசாவைரஸைக் கண்டுபிடிச்சு கன்னொறுவை எண்ட இடத்திண்ட பேரையே வைச்சாங்க, விசர் வைரஸுக்குக் கிட்டின சொந்தம்தான் ஆனா விசர் வைரஸே இல்ல. கொழும்பிலயும் பெரிய மரங்கள் நிக்கிற இடங்கள்ல அந்த வௌவால் தொங்குது, அதுக்காக அதுகளைக் கல்லெறிஞ்சு கலைக்கச் சொல்லல்ல, விழுந்து கிடக்கிற வௌவாலை வெறுங் கையால தூக்க வேண்டாம், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கோ எண்டு மட்டும் சொல்லுறன். கீரி கடிச்சாலும், பூனை பிறாண்டினாலும் டொக்டரிட்டக் காட்டத்தான் வேணும்.

ஜீன் வாசிச்ச நாடுகளுக்கு அதால என்ன கிடைச்சது எண்டு ரெண்டு தீவைச் சொன்னாப் போதும். தாய்வான் 1961ல இருந்து விசர் இல்லாத நாடு எண்டு இருந்தது, 2013ல அங்கத்தே ஒரு காட்டு மிருகத்தில, ஃபெரட் பாட்ஜர் எண்டு சொல்லுறது, விசரைக் கண்டதும் நாடே ஆடிப்போச்சு. ஜீனை வாசிச்சதில அது புதுசா இறக்குமதியான வைரஸ் இல்ல, காட்டுக்குள்ள நெடுங்காலமா ஓடிக்கொண்டிருந்த தனி ரகம் எண்டு வெளிச்சுது. பாலித்தீவுக் கதை வேற, அங்க 2008ல விசர் வந்தது வெளியில இருந்து கடல்வழியாக் கொண்டுவந்த நாயால, ஜீன் வாசிச்சதிலயும் ஒரு தரம் உள்ள வந்த வைரஸ்தான் தீவு முழுக்கப் பரவினது எண்டு தெரிஞ்சுது. ஒரு தீவில காட்டைப் பாக்க வேணும், மற்றதில துறைமுகத்தைப் பாக்க வேணும், அறிகுறியை மட்டும் பாத்து இந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஏலாது. நாங்களும் தீவுதான், எங்கட கடற்கரையிலயும் வள்ளங்கள் வந்து போகுது.

ரகத்துக்கு ரகம் குணமும் கொஞ்சம் மாறும் எண்டதுக்கு இன்னொரு உதாரணம், இது வீட்டில நாய் வைச்சிருக்கிற எல்லாருக்கும் தேவையானது. 1980-கள்ல செஞ்ச ஒரு பரிசோதனையில எத்தியோப்பியா ரக வைரஸ் ஏத்தின நாய்ட எச்சில்ல, நோய்க்குறி தெரியிறதுக்கு 13 நாள் முந்தியே வைரஸ் வந்திருந்துது, மெக்சிக்கோ ரகத்தில அது 7 நாளுக்கு உள்ளதான். உலக சுகாதார ஸ்தாபனம் கடிச்ச நாயை 10 நாள் கவனிக்கச் சொல்லேக்க எங்கட நாட்டில 14 நாள் கட்டி வைச்சுப் பாக்கச் சொல்லுறாங்க, இப்படியான விஷயங்களை யோசிச்சா அந்த மேலதிக நாளுகள் எனக்குப் பெரிய ஆறுதலா இருக்கு. ஆனா நாயைக் கவனிக்கிறம் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம வீட்டில இருக்கிறது முழு மோட்டு வேலை, ஊசியை இப்பவே தொடங்குறதா, நாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறதா எண்டு முடிவெடுக்க வேண்டியவர் டொக்டர்.

அப்ப ஊசி போட்டும் ஏன் சில பேர் செத்தாங்க எண்டு கேப்பீங்க, அந்த மெசேஜிலயும் இதைத்தான் ஆதாரமாச் சொல்லுறார். காரணத்தைத் தேடிப் போனா வைரஸ் மாறினது எண்டு வராது. காயத்தைக் கழுவல்ல, அதுக்குப் பதிலா மஞ்சளும் மிளகாய்த்தூளும் அப்பினது, நாலு நாள் கழிச்சுப் போனது, பெரிய கடிக்கு ஊசியோட சேத்துக் காயத்துக்குள்ளயே போட வேண்டிய இமியுனோகுளோபியுலின் எண்ட ரெடியாச் செஞ்ச எதிர்ப்பொருள் மருந்தைப் போடாம விட்டது, ரெண்டோட நிப்பாட்டினது, இப்படித்தான் வரும். ஊசி தன்ட எதிர்ப்பைக் கட்டி எழுப்ப ஒரு கிழமை ரெண்டு கிழமை எடுக்கும், அந்த இடைவெளியைக் காக்கிறதுக்குத்தான் காயத்துக்குள்ள அந்த மருந்து. சவர்க்காரமும் ஓடுற தண்ணியுமா 15 நிமிஷம் கழுவுறதைச் சாதாரணமா நினைக்க வேண்டாம், இந்த வைரஸிண்ட வெளிப்போர்வை கொழுப்பால ஆனது, சவர்க்காரம் அதைக் கரைச்சுப்போடும், தெரு வைரஸெண்டாலும் ஆய்வுகூட வைரஸெண்டாலும் எந்த ரகமும் இதில தப்பாது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இந்த ஊசி சும்மாத்தான் போடுறாங்க, முந்தி மாதிரி வயித்தைச் சுத்திக் குத்துற ஆட்டு மூளை ஊசியும் இல்ல, கையில தோலுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாப் போடுறது. குட்டி நாய் கடிச்சா ஒண்டும் செய்யாது எண்டு நினைக்கிற ஆக்களும் எங்கட பக்கம் நிறைய, விசர் குட்டிக்கும் வரும், அதால 3 மாசத்துக்குக் குறைஞ்ச குட்டிகளுக்கும் ஊசி போடச் சொல்லி உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லுது.

ஒரு ஏரியாவில 70 வீதம் நாய்க்கு ஊசி போட்டா வைரஸ் சங்கிலி அறும் எண்டது பல நாடுகள்ல செஞ்சு பாத்த கணக்கு, ஒரு விசர் நாய் சராசரியா ரெண்டு நாய்க்குக் கூடத் தொத்த வைக்கிறதில்ல, அதாலதான் 100 வீதம் தேவையில்ல. லேன் நாய்களுக்கு விடியக் காலமையே சோறு வைக்கிற நல்ல மனசுக்காரர் கொழும்பில எவ்வளவோ பேர் இருக்கிறாங்க, அந்த நாயைப் பிடிச்சு வைச்சு ஊசி போடக் குடுக்கக்கூடிய ஆக்களும் அவங்கதான், வேற ஆளைக் கண்டா அது ஓடிரும். ஊசி போட வாற நாளைக் கேட்டு வைச்சு, அண்டைக்கு அந்த அரை மணித்தியாலம் நாயோட நில்லுங்கோ.

சுகாதார அமைச்சுக்கும் என்ட ஒரு வேண்டுகோளை உங்கட பத்திரிகை மூலமா வைக்கிறன். பொசிட்டிவ் வாற ஒவ்வொரு மூளையிலயும் அந்த 'என்' (N) ஜீனையாவது வாசிக்கிறதை ஆராய்ச்சிக்கு எண்டு இடைக்கிடை செய்யாம வழமையான வேலையா ஆக்குங்கோ. கொரோனா நேரம் ஜீன் வாசிக்கிற மெஷினையும் பழகின பிள்ளைகளையும் இந்த நாடு கண்டுட்டுது, 12,000 எழுத்து அவங்களுக்கு ஒரு பெரிய வேலை இல்ல. 2030க்குள்ள நாயால வாற விசரால ஒரு ஆளும் சாகக் கூடாது எண்டு உலகம் இலக்கு வைச்சிருக்கு, அதுக்குக் கிட்டப் போகப்போக மிஞ்சுற ஒவ்வொரு கேஸும் பக்கத்து லேன் நாயில இருந்து வந்ததா, வேற மாவட்டத்தில இருந்து வந்ததா, மரநாய், கீரிப் பக்கம் இருந்து வந்ததா எண்டு தெரியாம அடுத்த ஊசி வண்டியை எங்க அனுப்புறது?

ஆசிரியர் ஐயா, உங்களிட்டக் கேக்கிறதும் ஒண்டு இருக்கு. விசர் நாய் கடிச்சு ஒருத்தர் பலி எண்டு நாலு வரியில போடுற செய்தியில, கடிச்சு எத்தனை நாளில ஆஸ்பத்திரிக்குப் போனவர், காயத்தைக் கழுவினதா, ஊசி எத்தனையோட நிண்டது, கடிச்ச மிருகத்திண்ட தலை சோதனைக்குப் போனதா எண்டு உங்கட நிருபர்மாரைக் கேட்டுப் போடச் சொல்லுங்கோ, பேர் ஊர் தேவையில்ல. அந்த நாலு கேள்விக்கும் பதில் அச்சில வந்தாலே அந்த வொய்ஸ் மெசேஜ்காரருக்குப் பதில் கிடைச்சிரும். செப்டம்பர் 28 விசர் நோய்த் தினம் வருது, அண்டைக்கு ஒரு பக்கத்தை இதுக்கு ஒதுக்கினா எழுதித் தர என்னை மாதிரி ஆய்வுகூடத்து ஆக்கள் ரெடியா இருக்கிறம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட ஊழியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06